சாம்வுவா, சிக்ஃபாரோவா, சால்காவா? நகராட்சி வேலைக்குப் போன அக்கா மகளுக்கு

அக்கா மகள் போன மாதம் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஒரு நகராட்சியின் நிதிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரமே சாம்வு, இமாட்டு என்ற இரண்டு நகராட்சித் தொழிற்சங்கங்களின் படிவங்களும் அவள் மேசைக்கு வந்துவிட்டன. அடுத்த வாரம் மேலதிகாரி கூப்பிட்டு, நிதி அலுவலர்களின் கழகமான சிக்ஃபாரோவில் சேர்ந்துகொள் என்றிருக்கிறார். நடுவில் ஒரு நாள், நகராட்சிகளின் அமைப்பான சால்காவின் பயிற்சி வகுப்பு வேறு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "சித்தி, எல்லாருமே எங்க சங்கம், எங்க சங்கம்னுதான் சொல்றாங்க. நான் எதுக்குப் பணம் கட்டணும்?" என்று கேட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். 27 வருடம் நகராட்சியில் இருந்தவள், பல தேர்தல்களில் வாக்குச் சாவடிப் பொறுப்பு பார்த்தவள் என்ற உரிமையில் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் நிறையப் பேர். அவர்களுக்கும் இதே குழப்பம் இருக்கும்.

முதலில் சால்காவைத் தள்ளி வைத்துவிடலாம். அது மோசமான அமைப்பு என்பதால் இல்லை, அது உனக்கான அமைப்பே இல்லை என்பதால். அதன் உறுப்பினர்கள் நகராட்சிகள். நாட்டில் இருக்கும் 257ம். அரசியலமைப்பின் 163ஆம் பிரிவும் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் தேசிய அவையில் உள்ளாட்சிகளின் சார்பில் பத்துப் பேர் வரை உட்காரலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது. புதிய கவுன்சிலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, சட்ட முன்வரைவுகளில் நகராட்சிகளின் கருத்தைச் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை, நல்ல வேலை. ஆனால் ஊதியப் பேச்சுவார்த்தை என்று வந்தால், உள்ளாட்சிப் பேரக் கவுன்சிலில் முதலாளி நாற்காலியில் உட்காருவதும் இதே சால்காதான். எதிர் நாற்காலிகளில் சாம்வுவும் இமாட்டுவும். பயிற்சி வகுப்பில் பாசமாகப் பேசினார்கள் என்பதற்காக இதை மறந்துவிடக் கூடாது. அங்கே கற்றுக்கொள். உனக்கு ஒரு சிக்கல் என்றால் போய் நிற்கும் வாசல் அது இல்லை.

அப்புறம் மிஞ்சுவது தொழிற்சங்கமும் தொழில்முறைக் கழகமும். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

தொழிற்சங்கம் நம் வீட்டுக்குப் புதிதில்லை. எங்கள் தாத்தா டர்பன் மாநகராட்சியில் தெரு கூட்டியவர். சோம்ஸ்யூ சாலையில் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில்தான் அம்மா பிறந்தாள். கோயிலும் ஆறடிக் கூத்து என்று இங்கே சொல்லும் தெருக்கூத்தும் கால்பந்துக் குழுவும் எப்படி அங்கே இருந்தனவோ, அப்படியே இந்திய நகராட்சி ஊழியர்களின் சங்கமும் இருந்தது. கூலி உயர்வு, மழைக்கோட்டு, விடுப்பு என்று எதைக் கேட்பதானாலும் அதன் வழியாகத்தான் கேட்க முடிந்தது. வேறு வழி கிடையாது. 1924ஆம் ஆண்டின் நட்டால் மாகாணச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர்கள் புதிதாக நகராட்சி வாக்காளர் ஆக முடியாது. நகரத்தைக் கூட்டலாம், அதன் கவுன்சிலுக்கு வாக்குப் போட முடியாது.

கழகத்தின் கதை வேறு. சிக்ஃபாரோ, அதாவது அரசு நிதி, தணிக்கை, இடர் அலுவலர்களின் பட்டயக் கழகம், 1929இல் நகராட்சிப் பொருளாளர்கள் கூடி உருவாக்கியதன் வாரிசு. பல காலம் இம்ஃபோ என்ற பெயரில் இருந்தது. அது தொடங்கிய காலத்தில் நகராட்சிப் பொருளாளர் நாற்காலியில் நம்மவர் யாரும் இல்லை, இருக்கவும் விடமாட்டார்கள். பொறியாளர்களுக்கு இமேசா என்ற கழகம் 1961இல் வந்தது. நகராட்சி மேலாளர்களுக்கும் மூத்த நிர்வாகிகளுக்கும் உள்ளாட்சி மேலாண்மைக் கழகம் இருக்கிறது. "அது பெரிய மனுஷங்க கிளப்" என்று எங்கள் தலைமுறையில் பலர் ஒதுங்கியே இருந்தோம். நானும் பத்து வருடத்துக்கு மேல் சேராமல் இருந்தேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். எப்போது அப்படித் தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இருந்தார். பில்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. காலம் முடிந்துபோன ஒரு ஒப்பந்தத்தின் பேரில் பில் வந்தது. முறையான நீட்டிப்பு ஆணை இல்லை. போட மாட்டேன் என்றார். இரண்டு வாரத்தில் வேறு ஏதோ காரணம் சொல்லி இடைநீக்கம் செய்தார்கள். சங்கம் வந்தது. விசாரணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டீஸ் கொடுத்த விதத்தில் இருந்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஏழு மாதத்தில் அவரை மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தது. அந்த ஏழு மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததற்குச் சங்கம்தான் காரணம், ஏனென்றால் சம்பளத்தை நிறுத்த விடவில்லை. எந்தக் கழகத்தாலும் அதைச் செய்திருக்க முடியாது. ஒழுங்கு விசாரணையில் உனக்காகப் பேச சங்கப் பிரதிநிதிக்கு இடம் உண்டு. கழகத்துக்கு அந்த இடம் இல்லை.

ஆனால் அவர் திரும்பி வந்தபோது முகத்தில் வெற்றி இல்லை. "நான் கையெழுத்துப் போடாதது சரியா தப்பான்னு கடைசி வரைக்கும் யாருமே சொல்லலம்மா" என்றார். ஜெயித்தது நோட்டீஸில் இருந்த பிழை. அவர் நேர்மை அல்ல. அடுத்த ஆண்டு அதே சங்கம், தவறான பில்லில் கையெழுத்துப் போட்ட இன்னொருவருக்காகவும் அதே உறுதியோடு வாதாடியது. அதில் சங்கத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உறுப்பினரின் வேலையைக் காப்பது அதன் கடமை. அவர் செய்தது நல்ல கணக்கா கெட்ட கணக்கா என்று தீர்ப்புச் சொல்வது அதன் கடமை இல்லை.

அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டிய இடம் கழகம். சொல்லப்போனால் தீர்ப்புக்கு முன்னாலேயே உதவ வேண்டிய இடம். 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம், 32ஆம் பிரிவு, என்ன சொல்கிறது என்று அக்கா மகளிடம் கேட்டேன்; தெரியவில்லை. வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ முறையற்ற செலவுக்கு அனுமதி கொடுத்த அலுவலர் அந்தப் பணத்துக்குத் தானே பொறுப்பு என்கிறது. மேலிடத்துச் சொல் என்பது அங்கே சமாதானம் ஆகாது. இருபத்து நான்கு வயதுப் பெண் தனியாக மேலாளர் அறையில் நின்று, 32ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது, எங்கள் நடத்தை விதி இப்படிச் சொல்கிறது, எழுத்தில் கொடுங்கள் என்று சொல்வதற்கு ஒரு பயிற்சி வேண்டும். பக்கத்து நகராட்சியிலும் இதே பதவியில் இருப்பவர் இதையேதான் செய்வார் என்ற நிச்சயம் வேண்டும். கழகத்தின் கிளைக் கூட்டங்களில் எனக்குக் கிடைத்தது அதுதான். 2017 ஜூலையில் எம்ஸ்கோவா என்ற புதிய கணக்குக் குறியீட்டு முறை நாடு முழுக்க வந்தபோது எந்தச் செலவு எந்தக் குறியீட்டில் போகும் என்று தெரியாமல் எல்லாரும் திணறினோம். கையேட்டைவிட, தேநீர் இடைவேளையில் மற்ற ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதே எனக்கு அதிகம்.

2022-23 நிதியாண்டில் 257 நகராட்சிகளில் 34 மட்டுமே குறையில்லாத தணிக்கை அறிக்கை பெற்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதற்குக் காரணம் பல. அதில் ஒன்று, கையெழுத்துப் போடும் நாற்காலிகளில் தனித்து உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்.

சரி, கழகத்தின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. நகராட்சி நிதி அலுவலராக இருக்க இன்னின்ன தகுதி வேண்டும் என்று தேசியக் கருவூலம் 2007இல் விதி போட்டது. ஆனால் கழகத்தில் உறுப்பினராக இரு என்று அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. அதனால் கழகம் ஒருவரை நீக்கினாலும் அவர் நாற்காலியில் அப்படியே இருக்கலாம். அரசுப் பணியைத் தொழில்முறையாக்கும் திட்டம் ஒன்றை அமைச்சரவை 2022இல் ஏற்றுக்கொண்டது. அதில் இப்படிப்பட்ட கழகங்களுக்குப் பெரிய இடம் சொல்லப்பட்டிருக்கிறது. அது நடைமுறைக்கு முழுசாக வரும்வரை, கழகத்தின் கண்டிப்பு அதை மதிக்கிறவர்களுக்கு மட்டும்தான் வலிக்கும்.

சங்கங்களுக்குள்ளேயே எது என்றால்: சாம்வு 1987இல் பிறந்தது, கொசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அங்கம், கொசாட்டு ஆளுங்கட்சியாக நெடுநாள் இருந்த ஏ.என்.சி.யோடு கூட்டணியில் இருக்கிறது. இமாட்டு 1996இல் வந்தது, எந்தக் கட்சியோடும் சேராதது. இரண்டும் ஒரே பேர மேசையில் உட்கார்கின்றன; கிடைக்கும் ஊதிய உயர்வு ஒன்றுதான். உன் அலுவலகத்தில் எந்தப் பிரதிநிதி போன் எடுக்கிறார் என்று பார்த்துச் சேர். கட்சியைப் பற்றி ஒரு செய்தி மட்டும். மூத்த நகராட்சி அதிகாரிகள் கட்சிப் பதவி வகிக்கக் கூடாது என்று 2011இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. சாம்வு வழக்குப் போட்டது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றிய நடைமுறை தவறு என்று 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாதாக்கியது. ஊழியரின் அரசியல் உரிமையைக் காப்பது சங்கத்தின் நியாயம். குடிமக்களுக்கு நடுநிலையான அதிகாரி வேண்டும் என்பது கழகத்தின் நியாயம். இரண்டும் மோதும் இடம் இது. நான் இதில் இரண்டாவதன் பக்கம்.

ஏன் என்றால் நான் தேர்தல் நாளில் வாக்குச் சாவடியில் நின்றவள். இங்கேதான் இந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது.

தேர்தலை நடத்துவது தேர்தல் ஆணையம். ஆனால் ஒவ்வொரு நகராட்சியிலும் தேர்தல் அலுவலராகப் பெரும்பாலும் நகராட்சி மேலாளரையோ அவர் கைகாட்டும் அதிகாரியையோதான் நியமிக்கிறார்கள். சாவடிகளில் உட்காருவது ஆசிரியர்களும் எங்களைப் போன்ற ஊழியர்களும் வேலை தேடும் இளைஞர்களும். சில நாள் பயிற்சி, ஒரு கையேடு, அவ்வளவுதான். வாக்குகளை அந்தச் சாவடியிலேயே எண்ணி, முடிவுத் தாளில் தலைமை அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும், கட்சி முகவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க. உள்ளாட்சித் தேர்தல் என்றால் மாநகராட்சியில் வாக்காளருக்கு இரண்டு வாக்குச் சீட்டு, மற்ற உள்ளூர் நகராட்சியில் மூன்று. அதையே மாற்றிக் கொடுத்துவிடாமல் பார்ப்பது பெரும்பாடு. வாக்காளரின் அடையாள அட்டையைச் சரிபார்க்க எங்கள் காலத்தில் இருந்தது ஜிப்-ஜிப் என்று கூப்பிட்ட ஸ்கேனர் கருவி. 2021 உள்ளாட்சித் தேர்தலில் அதற்குப் பதில் புதிய கருவி வந்தது. 2024 மே 29 பொதுத் தேர்தலில் அது பல இடங்களில் மக்கர் பண்ணி, வரிசைகள் நீண்டு, சில சாவடிகளில் நள்ளிரவு தாண்டியும் வாக்குப்பதிவு நடந்தது. அந்த வரிசையின் கோபம் முழுவதும் யார் மேல் இறங்கியது? முன்னால் நின்ற அலுவலர் மேல்.

அந்த அலுவலருக்கு எந்தச் சங்கம்? அவருடைய ஆசிரியர் சங்கம் இதில் தலையிடாது. சாம்வுவுக்கும் இது நகராட்சி வேலை இல்லை. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கில் தேர்தல் ஆணையங்களுக்கு 1998 முதல் ஒரு மன்றம் இருக்கிறது. உலக அளவில் தேர்தல் ஆணையங்களின் சங்கமான ஏ-வெப் 2013 முதல் தென் கொரியாவிலிருந்து இயங்குகிறது. ஆனால் அவற்றில் ஆணையங்கள்தான் உறுப்பினர்கள், ஆட்கள் இல்லை. பிரிட்டனில் தேர்தல் நிர்வாகிகள் சங்கம் என்று 1987 முதல் இருக்கிறது. சான்றிதழ், பட்டயப் படிப்பு எல்லாம் நடத்துகிறது. அங்கே தேர்தலை உள்ளாட்சிகளே நடத்துவதால் அதற்கென்று வருடம் முழுக்க ஊழியர்கள் இருக்கிறார்கள், சங்கமும் இயல்பாக உருவானது. இங்கே நம்முடைய வேலை ஓரிரு நாள். தேர்தல் முடிந்ததும் கலைந்துபோகிறோம். ஒரு தேர்தலில் கற்றது அடுத்ததற்கு வருவதில்லை.

பிரிட்டன் மாதிரியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் உள்ளாட்சி மேலாண்மைக் கழகமோ சிக்ஃபாரோவோ வாக்குச் சாவடிப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு ஒரு பிரிவு தொடங்கலாம். ஒரு தேர்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வருடத்துக்கு ஒரு நாள் கூடி, என்ன தவறியது என்று பேசலாம். அனுபவப்பட்டவருக்கு ஒரு சான்று கொடுக்கலாம். முடிவுத் தாளில் மிரட்டிக் கையெழுத்துக் கேட்டால் யாருக்குப் போன் செய்வது என்று ஒரு எண்ணாவது கையில் இருக்கும்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது இது. இந்த மாதமே ஒரு தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிடு, அதைத் தள்ளிப் போடாதே. முதல் கையெழுத்து அதிகாரம் உன் கைக்கு வருவதற்கு முன் கழகத்தில் சேர். கட்டணத்தை நகராட்சியே கட்டுகிறதா என்று மனிதவளப் பிரிவில் கேள், பல இடங்களில் கட்டுகிறார்கள். கட்டவில்லை என்றால் என்னிடம் வா, முதல் வருடத்துக்கு நான் கட்டுகிறேன். 32ஆம் பிரிவை அச்சடித்து மேசையில் வைத்திருக்கிறாள் என்று நேற்று அக்கா சொன்னாள்.