செஸ்கி க்ரும்லோவ் போறீங்களா, ஒரு நைட்டாவது தங்குங்க

செக் குடியரசுல இருக்குற சின்ன ஊரு இது, தலைநகர் பிராக்ல இருந்து காலைல பஸ் புடிச்சு வந்து சாயங்காலமே திரும்புறவங்கதான் இங்க ஜாஸ்தி, அது பத்தவே பத்தாதுங்க. வ்ல்டாவா ஆறு ஊரையே சுத்தி வளைஞ்சு ஓடுது, மேல கோட்டை, பழைய ஊர் பகுதி 1992லயே யுனெஸ்கோ பாரம்பரிய லிஸ்ட்ல வந்துடுச்சு. கோட்டை டவர்ல 162 படி, மூச்சு வாங்கும், ஆனா மேல நின்னு பார்த்தா சிவப்பு ஓட்டு வீடுங்களும் ஆத்தோட வளைவும் அப்படியே தெரியும், கண்டிப்பா ஏறிடுங்க. கோட்டை சுவத்த கிட்ட போய் பாருங்க, செதுக்குன கல்லு மாதிரி தெரியறது பூரா பெயிண்ட்! கோட்டைக்குள்ள இருக்குற பழைய பரோக் பாணி நாடக தியேட்டருக்கு கைடு கூடத்தான் விடுவாங்க, குளிர்காலத்துல மூடிடுவாங்க, அதனால முன்னாடியே டிக்கெட் பார்த்துக்கோங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது ராஃப்ட்தான், அதாவது ஆத்துல காத்தடிச்ச ரப்பர் படகுல போறது. வாடகைக்கு எடுத்தா துடுப்பு, லைஃப் ஜாக்கெட், அப்புறம் போன், துணி நனையாம வைக்க மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் எல்லாம் கிடைக்கும், ஆத்துக்கு மேல்பக்கம் இருக்குற வ்ஷி ப்ரோட் ஊர் பக்கம் ஏறினா காடு, ரோஜ்ம்பெர்க் கோட்டைன்னு பார்த்துக்கிட்டே ஊருக்குள்ள வந்து சேரலாம், பக்கத்துல போற படகுல எல்லாரும் "அஹோய்"னு (நம்ம ஹலோ மாதிரி) கத்துவாங்க, நாமளும் கத்தணும். தடுப்பணை சறுக்கல்ல இறங்குறப்ப மட்டும் நல்லா புடிச்சுக்கோங்க.

மதியம் கூட்டம் தாங்காது, மெயின் சதுக்கத்துல சாப்பாட்டு விலையும் ஜாஸ்தி, ரெண்டு சந்து தள்ளி போங்க. செக் நாட்டு காசு கொருனா கைல கொஞ்சம் வச்சுக்கோங்க, யூரோ குடுத்தா ரேட் அடி வாங்கும். 5க்கு 4.5 தாராளமா குடுப்பேன்.