250 வெச்சா 183-லயே நிக்குது: எலக்ட்ரிக் ஸ்மோக்கர், மூணு வருஷம் யூஸ் பண்ணப்புறம் ஒரு ரிவ்யூ

நாங்க இருக்கிறது ஓஹையோல, கிளீவ்லாண்ட் பக்கம். பின்பக்க டெக்ல மூணு வருஷமா ஒரு எலக்ட்ரிக் ஸ்மோக்கர், அதாவது கறியை மரப்புகையில மெதுவா வேகவைக்கிற கரன்ட் அடுப்பு, நிக்குது. சின்ன ஃப்ரிட்ஜ் மாதிரி 30 இன்ச் கேபினட், 800 வாட் எலிமென்ட் (சூடு பண்ற கம்பி), அதிகபட்சம் 275 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 135 செல்சியஸ். இனிமே சொல்ற டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான். பிராண்ட் பேர் போடல, இந்த சைஸ்ல வர்ற நிறைய மெஷினுக்கு உள்ளமைப்பு கிட்டத்தட்ட இதேதான், அதனால எது வெச்சிருந்தாலும் இது உதவும். 5-க்கு மூன்றரை குடுப்பேன். அந்த ஒன்றரை ஏன் போச்சுங்கறதுதான் இந்த ரிவ்யூ முழுக்க.

முதல்ல நல்லது. மிளகு, சோம்பு, மல்லி வறுத்து அரைச்சு, இஞ்சி பூண்டோட கோழிக்காலுக்கு தடவி ராத்திரி முழுக்க ஊறவெச்சு, ஆப்பிள் மரத்துண்டு புகையில வெச்சா வர்ற ருசி இருக்கே, ஓவன்ல என்ன பண்ணாலும் அது வராது. கரி மூட்டணும், பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கணும்ங்கற வேலையும் இல்ல. மொத வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியல.

ரெண்டாவது வருஷம் நவம்பர்ல, வீட்டுக்கு ஆளுங்க வர்ற அன்னிக்கு, 250 செட் பண்ணிட்டு போயிட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா டிஸ்ப்ளேல 183. இன்னும் அரை மணி நேரம் நின்னேன், 185. வைஃப் உள்ள இருந்து "ஏங்க, புள்ளைங்க பசிக்குதுங்குதுங்க, நான் ஓவன்ல வெச்சிரட்டுமா?"ன்னு கேட்டாங்க. குடுத்துட்டேன். அதுதான் சரி. கோழிக்கு நடுக்கறி 165 டிகிரி வரணும், அது 40-க்கும் 140-க்கும் நடுவுல ரொம்ப நேரம் கிடந்தா கிருமி பெருகிடும், அமெரிக்க விவசாயத்துறையே ஸ்மோக்கர் உள்ள 225-லேர்ந்து 300 வரைக்கும் இருக்கணும்னுதான் சொல்லுது. சூடு ஏறலைன்னா "மெதுவா வேகட்டும்"னு விட்டுறாதீங்க, சாப்பிடப்போறது நம்ம புள்ளைங்க.

அப்புறம் ஒவ்வொண்ணா பாக்க ஆரம்பிச்சேன். மொதல்ல செய்ய வேண்டியது, டிஸ்ப்ளேய நம்பாம தனி தெர்மாமீட்டர் ஒண்ணு உள்ள வெக்கிறது. அதையும் முன்னாடியே செக் பண்ணிக்கணும், ஐஸ் தண்ணியில 32 காட்டணும், கொதிக்கிற தண்ணியில 212 கிட்ட காட்டணும் (டென்வர் மாதிரி உயரமான ஊர்னா 202, 203 தான் காட்டும், அது தப்பில்ல). என் ஸ்மோக்கர் 183-ன்னு சொன்னப்போ கறி இருக்கிற தட்டுல உண்மையில 205 இருந்துச்சு. உள்ள பின்சுவத்துல இருக்கிற சென்சார் மேல ஒரு வருஷக் கொழுப்பும் கரியும் அடையா படிஞ்சு கிடந்துச்சு, சுடுதண்ணித் துணியால மெதுவா தொடைச்சதும் வித்தியாசம் பாதியா குறைஞ்சுது. ஆனா 205-உம் 250 இல்லையே.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் வயர். டெக்ல அந்த ஓரத்துல பிளக் பாயின்ட் கிடையாது, அதனால கிறிஸ்துமஸ் லைட்டுக்கு வாங்கின 100 அடி மெல்லிசு வயர், 18 கேஜ், அதுல போட்டிருந்தேன். கணக்கு போட்டுப் பாத்தப்போதான் உறைச்சுது, 120 வோல்ட்ல கிட்டத்தட்ட 8 வோல்ட் அந்த வயர்லயே போயிடுது, வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலும் வாட் அதைவிட அதிகமா குறையும், ஆக 800 வாட் எலிமென்ட் எனக்கு 700 வாட்தான் குடுத்துட்டு இருந்துருக்கு. மீதி வயரை சுருட்டி வெச்சிருந்த இடத்துல கை வெச்சா சூடு. நேரடியா சுவர் பிளக்ல போடுங்க, முடியவே முடியாதுன்னா 12 கேஜ் வயர் (கேஜ் நம்பர் குறைஞ்சா வயர் தடிமன்), எவ்ளோ குட்டையா முடியுமோ அவ்ளோ குட்டையா.

தண்ணித் தட்டும் ஒரு காரணம். குழாய்லேர்ந்து பச்சத்தண்ணி ஊத்தி வெப்பேன், எலிமென்ட் கறிய விட்டுட்டு மொதல்ல அதைத்தான் சூடு பண்ணும். இப்போ கொதிக்க வெச்ச தண்ணி கொஞ்சமா ஊத்துறேன். தண்ணி வேண்டாம்னாலும் தட்டை எடுத்துறாதீங்க, கொழுப்பு எலிமென்ட் மேல சொட்டும். ஏரிப்பக்கத்துலேர்ந்து வர்ற காத்துக்கு ஒரு பிளைவுட் பலகை மறைப்பு வெச்சேன். கதவு இடுக்குல ஒரு டாலர் நோட்டை வெச்சு மூடி இழுத்துப் பாத்தேன், கீழ் மூலையில வழுக்கிட்டு வந்துச்சு, தாழ்ப்பாள் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து இறுக்கினதும் பிடிச்சுது. சூடு போயிடும்னு மேல இருக்கிற புகைவழியை மட்டும் மூடிறாதீங்க, கறி கசக்கும்.

இவ்ளோவும் பண்ணி 230 வரைக்கும் வந்துச்சு. ஜனவரில மறுபடி சரிய ஆரம்பிச்சு, ஒரு நாள் லைட் எரியுது, நம்பர் ஓடுது, உள்ள சூடே இல்ல. கம்பெனிக்கு போன் பண்ணா ஒரு வருஷ வாரன்டி முடிஞ்சிடுச்சு, வேற வாங்கிக்கங்கன்னுட்டாங்க. ரெண்டு வருஷம்கூட ஆகாத மெஷினுக்கு இதுதான் பதில்னா மனசு ஆறல.

பிளக்கை புடுங்கி, நல்லா ஆறவிட்டு, பின்பக்கம் எலிமென்ட் இருக்கிற சின்ன மூடியைக் கழட்டினேன். எலிமென்ட்டுக்கு வர்ற ரெண்டு வயரோட முனையிலயும் தட்டையா ஒரு ஸ்பேடு கனெக்டர் சொருகியிருக்கும். ஒண்ணு நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு கருகி, மேல இருந்த உறை தொட்டதும் பொடியா கொட்டிச்சு, லேசா இழுத்தேன், பாதி கையோட வந்துருச்சு, பாதி எலிமென்ட் முனையிலயே ஒட்டிட்டு நின்னுச்சு. மல்டிமீட்டர்ல எலிமென்ட்டை அளந்தா 18 ஓம்ஸ், 800 வாட்டுக்கு சரியான கணக்கு (120-ஐ 120-ஆல பெருக்கி 800-ஆல வகுத்தா 18). ஆக எலிமென்ட்டுக்கு ஒண்ணுமே இல்ல. சாதா கனெக்டர் போட்டுருக்காங்க, சூட்டுல தளர்ந்து, தளர்ந்த இடம் இன்னும் சூடாகி, கொஞ்சம் கொஞ்சமா எரிஞ்சு போயிருக்கு. அந்த ஒன்றரை மார்க் இங்கதான் போச்சு.

அதிக சூடு தாங்குற கனெக்டர் தனியா விக்கிறாங்க, சில டாலர்தான். கருத்த வயரை செம்பு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் வெட்டி, முனையைத் தேய்ச்சு, கிரிம்ப் பண்ணி, அதாவது இடுக்கியால நசுக்கி இறுக்கிப் போட்டேன். சால்டர் பண்ணாதீங்க, அந்த சூட்டுக்கு உருகிடும். மீட்டர் ஓம்ஸே காட்டலைன்னா எலிமென்ட் போச்சுன்னு அர்த்தம். எலிமென்ட்டும் வயரும் நல்லா இருந்து கரன்ட் மட்டும் வரலைன்னா கன்ட்ரோலரோ, ஹை லிமிட் கட் ஆஃபோ (சூடு அளவு மீறினா கரன்ட்டை நிறுத்துற சுவிட்ச்) போயிருக்கும், அதுக்கு கரன்ட் வேலை தெரிஞ்சவங்களைக் கூப்பிடுறது நல்லது.

இன்னொண்ணு, பன்றித் தோள்கறி மாதிரி பெரிய துண்டு வெச்சா கறிக்குள்ள சூடு 150, 160 கிட்ட வந்து மணிக்கணக்குல அப்படியே நிக்கும். கறி ஈரம் ஆவியாகி தன்னைத்தானே குளிர வெச்சுக்குது, மெஷின் மேல தப்பில்ல. உள்ள 225 இருந்தா பொறுமையா இருங்க, இல்ல ஃபாயில்ல சுத்தி வெச்சா சீக்கிரம் தாண்டும்.

போன சனிக்கிழமை வெளிய 38 டிகிரி குளிர். ஐம்பதே நிமிஷத்துல 250 வந்துச்சு, 12 கோழிக்கால், ரெண்டு மணி நேரத்துல எல்லாம் 175 தாண்டிடுச்சு. செப்டம்பர்லயே பின்மூடியைத் திறந்து பாத்துட்டேன், ரெண்டு கனெக்டரும் இன்னும் பளபளன்னுதான் இருக்கு.