நான்கு ஆண்டுகள், ஒரு கிட்டார், வராத எஃப் மைனர்

நண்பர் ஒருவர், நான் வைத்திருக்கும் இதே கிட்டாரைத் தம் மகளுக்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தார். விலை வேறு குறைந்திருக்கிறதாம். போன மாதம் கேட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள் என்றிருப்பேன். போன வாரம் பழுதுபார்ப்பவரிடம் போய்வந்ததிலிருந்து அந்தத் தாராளம் இல்லை.

பெரிய உடல், 12 கேஜ் தந்தி (கேஜ் என்பது தந்தியின் தடிமன்) என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது எஃப் மைனர் என்ற ஸ்வரக்கூட்டு, அதாவது கார்ட், பற்றி மட்டுமே.

கிட்டார் பழகுகிறவர்கள் எஃப் மேஜரைத்தான் திட்டுவார்கள். அதில் நடுவிரல் தனியாக வந்து மூன்றாம் தந்தியை இரண்டாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பிடித்துக்கொள்ளும். மைனரில் நடுவிரலுக்கு வேலை கிடையாது. முதல் ஃப்ரெட்டில் குறுக்கே படுத்திருக்கும் சுட்டுவிரலே மூன்றாம் தந்தியையும் சேர்த்து அழுத்த வேண்டும். அந்தத் தந்தியோ விரல் மடிப்பின் பள்ளத்தில் போய் ஒளிந்துகொள்ளும். 'டப்' என்று கட்டையைத் தட்டியது போல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஆறில் ஒன்று போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. எஃப்பை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள்: மற்ற ஐந்து தந்திகளிலும் இருப்பவை ஸ, ப, ஸ, ப, ஸ. மைனரை மைனராக்கும் ஏ ஃப்ளாட், அதாவது சாதாரண காந்தாரம், மூன்றாம் தந்தியில் மட்டும்தான். அது ஊமையானால் மிஞ்சுவது தம்புரா. மூன்று ஆண்டுகள் நான் அந்தத் தம்புராவைத்தான் மீட்டிக்கொண்டிருந்தேன்.

பழியெல்லாம் என் விரலுக்கு. கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து அழுத்தி மணிக்கட்டு வலி கண்டதுதான் மிச்சம். இத்தனைக்கும் பி மைனர் இரண்டே மாதத்தில் வந்துவிட்டது. எஃப் மைனர் வடிவத்தையே ஒரு ஃப்ரெட் தள்ளி, எஃப் ஷார்ப் மைனராகப் பிடித்தால் கணீரென்று ஒலிக்கும். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பக்கத்து ஃப்ரெட்டில் ஒழுங்காக இருக்கும் விரல் இங்கே மட்டும் ஏன் தோற்கிறது?

தலைப்பகுதியை ஒட்டித் தந்திகள் படிந்திருக்கும் சிறு பட்டைக்கு நட் என்று பெயர். அதன் பள்ளங்களைத் தொழிற்சாலையில் ஆழமாக அறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் தந்தி உயரமாக நின்று, பட்டையை ஒட்டிய முதல் ஃப்ரெட்டில்தான் அழுத்துவது மிகக் கடினம். பழுதுபார்ப்பவர் தந்தியை இரண்டாம் ஃப்ரெட்டுக்கு அப்பால் அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே இருந்த இடைவெளியைக் காட்டினார். மயிரிழை இருக்க வேண்டிய இடத்தில் விசிட்டிங் கார்டு நுழைந்தது.

"விரலில் ஒரு குறையும் இல்லை சார். இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் வாசித்தீர்கள்?"

வாசிக்கவில்லையே என்று எப்படிச் சொல்வது?

அரை மணி நேரம் அரத்தால் ராவினார். 11 கேஜ் தந்தி மாட்டினார். சுட்டுவிரலைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்து, சும்மா இருக்கும் நடுவிரலை அதன் முதுகில் ஏற்றச் சொன்னார். அந்தக் காந்தாரம் முதன்முதலாகக் கேட்டபோது கடையில் வேறு ஆட்கள் இருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தை அளவுக்கு மீறி அறுத்துவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும். அறுத்ததை ஒட்டவைப்பதும் எளிதல்ல. அதனால் உயரமாகவே விட்டு அனுப்புவது இந்த விலைக் கிட்டார்களில் சகஜம். நான்கு கோடைகளைத் தாண்டியும் கழுத்து வளையவில்லை. அடித்தந்தியின் நாதம் ஆண்டுக்காண்டு கனிந்துகொண்டே வருகிறது. எல்லாம் சரி. ஆனால் 'புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றது' என்று பெட்டியில் அச்சடித்தது யார்? புதிதாகப் பழகுகிறவனுக்குத்தான் குற்றம் விரலிலா பட்டையிலா என்று தெரியாது!

வாங்க வேண்டாம் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதைக் கொடுத்துவிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. இரண்டு கையும் கிட்டாரில் இருக்கிறது.