தலையணை யார் பொறுப்பு?

ரயிலில் ஏசி பெட்டிக்கு டிக்கெட் எடுத்தால் ஒரு தலையணை வரும். அது இனாம் இல்லை, டிக்கெட் விலைக்குள்ளேயே அடக்கம். கரீப் ரத் போன்ற ரயில்கள்தான் விதிவிலக்கு. கொரோனா சமயத்தில் நிறுத்தி வைத்திருந்து, 2022 மார்ச்சில் திரும்பவும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆக, பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஒரு இரவு ரயிலில் ஏறிய எனக்கும் ஒன்று வந்திருக்க வேண்டும்.

கம்பளி வந்தது. மாதம் ஒரு முறையாவது துவைக்கிறோம் என்று ரயில்வே அமைச்சர் 2024 நவம்பரில் மக்களவையில் பதில் சொன்னாரே, அந்தக் கம்பளி. (அந்தப் பதிலைப் படிக்காமல் இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.) பழுப்புக் காகித உறையும் வந்தது. உள்ளே இஸ்திரி போட்ட விரிப்பு இரண்டு, கைக்குட்டைக்குப் பெரியப்பா மாதிரி ஒரு துண்டு, அப்புறம் ஒரு தலையணை உறை. வெறும் உறை. அதற்குள் போக வேண்டிய சாமானைக் காணோம்.

அட்டெண்டர் பையனைத் தேடிப் பிடித்தேன். கதவோரம் விரிப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, தலையணை வரலையே?"

"பில்லோ ஷார்ட்டேஜ் சார்."

"உறை மட்டும் வந்திருக்கு?"

"அது பாக்கெட்லயே வர்றது சார். பாக்கெட் போடுறது லாண்டரிக்காரங்க, அது வேற காண்ட்ராக்ட். நாங்க எடுத்துக் குடுக்கிற காண்ட்ராக்ட்."

"அப்போ தலையணை யாரு காண்ட்ராக்ட்?"

பையன் உண்மையாகவே யோசித்தான். இதுவரை யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை போல. "டிடிஇ சார் வருவாரு, அவர்ட்ட கேளுங்க" என்று முடித்துக்கொண்டான்.

டிடிஇ செங்கல்பட்டு தாண்டி வந்தார். நல்ல மனிதர், நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். "சார், டிக்கெட், பெர்த் இது ரெண்டும்தான் நம்ம டிபார்ட்மெண்ட். பெட்ஷீட், பில்லோ எல்லாம் மெக்கானிக்கல் சைடு" என்றார். தலையணையில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அவரே வழியும் காட்டினார்: "ஆப்ல கம்ப்ளெயிண்ட் போட்டுடுங்க, உடனே ஆக்‌ஷன் எடுப்பாங்க." நடுவில் நீலச் சட்டை போட்ட இன்னொரு பையன் துடைப்பத்தோடு வந்தான். அவனையும் விடவில்லை. "நாங்க கிளீனிங் மட்டும்தான் சார்" என்று கேட்கும் முன்பே சொல்லிவிட்டு நகர்ந்தான். அனுபவசாலி.

கீழ் பெர்த்தில் ஒரு அம்மா. எல்லாவற்றையும் முறுக்கு கடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் கேட்டார்: "தம்பி வெளிநாட்டுல இருந்து வர்றீங்களோ?"

"ஆமாம்மா. எப்படித் தெரிஞ்சுது?"

"தலகாணி கேக்குறீங்களே!"

செயலியில் புகார் பதிந்தேன். பி.என்.ஆர். எண்ணைப் போட்டதும் பெட்டி, பெர்த் எல்லாம் தானாக வந்தது, அழகான வேலைப்பாடு. விழுப்புரம் வந்தபோது ஹெல்ப்லைனிலிருந்து போன். முதலில் இந்தி, அப்புறம் ஆங்கிலம், கடைசியில் தமிழ்.

"சார், அட்டெண்டர் உங்ககிட்ட பேசினாரா?"

"பேசினார்."

"டிடிஇ வந்து பாத்தாரா?"

"பாத்தார்."

"தேங்க்யூ சார்."

இரண்டு நிமிடத்தில் குறுஞ்செய்தி. தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, பயணியுடன் பேசப்பட்டது. சேவை எப்படி என்று கேட்டு ஒரு இணைப்பு. திருப்தி இல்லை என்று அழுத்தினேன். நடுராத்திரி, திருச்சி தாண்டி, வேறொரு குரல்: ஏன் சார் திருப்தி இல்லை? தலையணை இன்னும் வரவில்லையே என்றேன். "அந்தக் கம்ப்ளெயிண்ட் க்ளோஸ் ஆயிடுச்சே சார்" என்றது குரல், நான் பழைய பாக்கியைக் கிளறுகிறவன் மாதிரி. அந்த நேரத்தில் எனக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போனது.

அந்தக் காலத்தில் இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரில் போவோம். பெட்டி வாசலில் ஒட்டியிருக்கும் சார்ட்டில் பெயரைத் தேடுவோம். பிளாட்பாரத்தில் வாங்கிய சங்கிலியால் சூட்கேஸைப் பூட்டிவிட்டு, அப்பா காற்றுத் தலையணையை ஊத உட்காருவார். அவர் ஊதி முடிக்கும்போது நாங்கள் பாதித் தூக்கத்தில் இருப்போம். அன்றைக்கு எதைக் கேட்டாலும் கிடைக்காது, யாரும் சிரித்துப் பேசவும் மாட்டார்கள். ஆனால் திட்டுவதற்கு ரயில்வே என்று முழுசாக ஒன்று இருந்தது.

ஒரு தலையணைக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். நான் குடியிருப்பது லண்டனுக்குத் தெற்கே. இந்தத் தலையணை நாடகத்தை அங்கே நாடு முழுவதற்கும் போட்டு, 30 வருடம் ஓட்டி, இப்போதுதான் திரையை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். விட்டுவந்த கூத்தை ஊரில் முதல் காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறார்களோ என்ற பயத்தில்தான் இவ்வளவு புலம்பல்.

1993-இல் ஜான் மேஜர் அரசு சட்டம் போட்டுப் பிரிட்டிஷ் ரயிலைக் கூறுபோட்டது. பங்காளிச் சண்டையில் கிணறு ஒருவனுக்கு, ராட்டினம் ஒருவனுக்கு, கயிறு ஒருவனுக்கு என்று பத்திரம் எழுதின கதைதான். தண்டவாளம் ரெயில்டிராக் என்ற கம்பெனிக்கு. பெட்டிகள், அவற்றை வாடகைக்கு விடும் கம்பெனிகளுக்கு. ஓட்டும் உரிமை மட்டும் 25 துண்டாகி, ஃப்ரான்சைஸ் என்ற பெயரில் ஏலத்துக்கு. ஏலம் எடுத்தவருக்குத் தண்டவாளம் சொந்தமில்லை, பெட்டியும் சொந்தமில்லை. கட்டணத்தில் கிட்டத்தட்டப் பாதிக்கு அரசு உச்சவரம்பு வைக்கும். எத்தனை ரயில் விட வேண்டும் என்பதையும் ஒப்பந்தமே சொல்லிவிடும். சொந்தமாகச் செய்ய அவருக்கு மிஞ்சியது பெட்டிக்குப் பெயிண்ட் அடிப்பதுதான். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் கைமாறும்போதும் அதே பழைய பெட்டி புதுக் கலரில் வரும்.

அரசாங்கத்துக்கு ரயில் ஓட்டத் தெரியாது என்பதுதான் இவ்வளவுக்கும் சொன்ன காரணம். சரி, அப்புறம் ஏலத்தில் யார் வந்தார்கள்? டச்சு அரசு ரயில்வேயின் கிளை நிறுவனம் வந்தது. ஜெர்மன் அரசு ரயில்வே ஒரு பிரிட்டிஷ் கம்பெனியையே வாங்கிக்கொண்டு வந்தது. இத்தாலி, பிரான்ஸ் எல்லாம் வந்தன. ஆக, அரசாங்கம் ரயில் ஓட்டலாம்; பிரிட்டிஷ் அரசாங்கமாக மட்டும் இருக்கக் கூடாது. அதுவும் நடக்காமல் இல்லை. லண்டனிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக் கடற்கரைப் பாதையை எடுத்தவர் கட்டுப்படியாகவில்லை என்று கைவிட, 2009-இல் அரசே ஓட்டியது. நன்றாகத்தான் ஓடியது. பொறுக்குமா? 2015-இல் மறுபடி தனியாருக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் கட்டுப்படியாகாமல் 2018-இல் மறுபடி அரசு.

எனக்கு மிகவும் பிடித்தது தாமதக் கணக்குதான். அங்கே ஒரு ரயில் 3 நிமிடம் பிந்தினால் போதும், அது யார் குற்றம் என்று எழுதியாக வேண்டும். தண்டவாளக்காரர் குற்றமா, ஓட்டுகிறவர் குற்றமா என்பதை வைத்துத்தான் யார் யாருக்குப் பணம் தருவது என்று முடிவாகும். இதற்காகவே நூற்றுக்கணக்கான பேர் சம்பளத்துக்கு உட்கார்ந்து வாதாடுகிறார்கள். ரயிலில் பறவை மோதினால்? சின்னப் பறவை என்றால் ஓட்டுகிற கம்பெனி பொறுப்பு, பெரிய பறவை என்றால் தண்டவாளக்காரர் பொறுப்பு. ஃபெசன்ட் என்று காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை உண்டு. அது சின்னதா பெரியதா என்று இரு தரப்பும் சண்டை போட்டதை, 2021 மே மாதம் அரசே தன் ரயில் சீர்திருத்த அறிக்கையில் உதாரணமாக எழுதியது. அந்த ராத்திரி என் பெர்த்தில் படுத்துக்கொண்டு, தலையணை சின்னப் பறவையா பெரிய பறவையா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாமே சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் உடைந்து ரயில் தடம் புரண்டதில் 4 பேர் இறந்தார்கள். பராமரிப்பு வேலை அப்போது ஒப்பந்தக்காரர்கள் கையில் இருந்தது. அடுத்த வருடமே ரெயில்டிராக் திவால் நிலைக்கு வந்தது. 2002-இல் தண்டவாளம் நெட்வொர்க் ரெயில் என்ற நிறுவனத்திடம் போனது. ஓட்டும் உரிமை ஏலம் மட்டும் கொரோனா வந்து பயணிகளே இல்லாமல் போகும்வரை, 2020 வரை, தொடர்ந்தது.

இப்போது லேபர் அரசு ஒப்பந்தங்கள் முடிய முடிய ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. முதலாவது 2025 மே 25-இல் சவுத் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனி. அன்று விடிகாலை வோக்கிங்கிலிருந்து கிளம்பிய முதல் அரசு ரயிலில் பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள், புதுக் கொடி போட்ட பெட்டி. ஆனால் தண்டவாள வேலை நடந்துகொண்டிருந்ததால் லண்டன் போகிறவர்கள் பாதி வழியில் இறங்கி மிச்ச தூரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது. எந்த அரசு வந்தாலும் அந்த நாட்டுக்கு நேரம் பார்க்கத் தெரியாது. 2023-இல் மான்செஸ்டருக்கு வர வேண்டிய அதிவேக ரயில் பாதையை ரத்து செய்கிறேன் என்று அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அறிவித்ததும் மான்செஸ்டரில் நடந்த தன் கட்சி மாநாட்டிலேயேதான்; அந்த மாநாட்டு மண்டபமே ஒரு காலத்தில் ரயில் நிலையம்.

ஊரில் சித்தப்பாவிடம் இதையெல்லாம் கொட்டினேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் மகன், தனியாரிடம் விட்டால் எல்லாம் சரியாகும் என்கிற கட்சி. அதையும் செய்து பார்த்தாயிற்று என்றேன். 2020 ஜூலையில் இங்கேயே 109 தடங்களில் 151 ரயில்களைத் தனியாருக்கு விடப்போவதாக அழைப்பு விடுத்தார்கள். 30,000 கோடி முதலீடு வரும், 35 வருட ஒப்பந்தம், கட்டணத்தை அவர்களே நிர்ணயிக்கலாம், டிரைவரும் கார்டும் மட்டும் ரயில்வே தரும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் விலை கேட்டு வந்தவை இரண்டே நிறுவனங்கள். அதில் ஒன்று ரயில்வேயின் கீழே உள்ள ஐஆர்சிடிசி. தன் வீட்டு ஏலத்துக்குத் தானே போய்க் கை தூக்கின கதை. திட்டம் அத்தோடு போனது.

"அப்போ பிரச்சனை இல்லைல்ல?" என்றான் தம்பி.

பெரிய ஏலம் நடக்கவில்லை, உண்மைதான். ஆனால் விரிப்பு துவைக்க ஒரு டெண்டர், எடுத்துக் கொடுக்க ஒரு டெண்டர், பெட்டி பெருக்க ஒரு டெண்டர், சாப்பாட்டுக்கு ஒரு டெண்டர் என்று சட்டம் எதுவும் போடாமலே பெட்டிக்குள் கூறுபோட்டு முடித்தாயிற்று. இங்கிலாந்தில் தாமதமானாலாவது 15 நிமிடத்திலிருந்து பல கம்பெனிகள் நஷ்ட ஈடு தருகின்றன. இங்கே ஐஆர்சிடிசி 2019-இல் லக்னோ–டெல்லி தேஜஸை விட்டபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 250 ரூபாய் என்று ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள்; 2024-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இருந்தவரை அதைத் தெற்கே போகிற ரயில்களுக்குக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. தலையணைக்கு என்ன ரேட் என்று கேட்கவே வேண்டாம்.

"எங்க சர்வீஸ்ல மட்டும் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னு நினைச்சியா?" என்றார் சித்தப்பா. "அப்பவும் தலகாணி சும்மா வராது. பத்து ரூபா குடுத்தா வரும். ஆனா யார்கிட்ட குடுக்கணும்னு தெரியும்."

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்த ராத்திரி 50 ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். அதை வாங்கிக்கொள்ளும் அதிகாரம் எந்தக் காண்ட்ராக்டுக்கு என்று அந்தப் பையனுக்கே தெரியவில்லை.

"சரி, அங்கதான் இப்ப கவர்மெண்டே எடுத்துக்கிச்சே, டிக்கெட் விலை குறைஞ்சுதா?"

"குறையலை சித்தப்பா. 2027 மார்ச் வரைக்கும் ஏத்த மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. 30 வருஷத்துல இதுதான் முதல் தடவையாம். அதுவும் அவங்க உச்சவரம்பு வைக்கிற டிக்கெட்டுக்கு மட்டும்."

"இங்க 2025 ஜூலையில ஏசிக்குக் கிலோமீட்டருக்கு 2 பைசா ஏத்தினாங்க. 600 கிலோமீட்டருக்கு 12 ரூபா." கொஞ்சம் யோசித்தார். "12 ரூபாய்க்கு நீ கேக்கிறது கொஞ்சம் ஓவர்தாண்டா."