நத்தை பார்க்க ஒரு 10 மடங்கு கைலென்ஸ்

நன்னீர் நத்தைகளை அடையாளம் காணத்தான் இந்த மடக்கு லென்ஸை வாங்கினேன். ஓட்டின் நுனி மேலே, அதன் வாய் (திறப்பு) நம்மைப் பார்த்தபடி பிடித்தால், லிம்னியா என்ற நத்தை வகைக்கு வாய் வலப்புறம், ஃபைசா என்ற வகைக்கு இடப்புறம். இதற்கு வெறுங்கண்ணே போதும்.

லென்ஸின் அருமை தெரிவது ஓட்டுவாயின் மூடியில்தான். பித்தினியா என்ற வகையின் மூடியில் வட்டத்துக்குள் வட்டமாக வளர்ச்சிக் கோடுகள். வால்வாட்டா என்ற வகையில் அதே கோடு சுருளாக ஓடும். அப்பாடா, எவ்வளவு துல்லியம்! உயிருள்ள நத்தையைத் தண்ணீரில் விட்டால் உணர்கொம்பும் தெளிவாகத் தெரிகிறது: ஃபைசாவுக்கு நூல் போல, லிம்னியாவுக்கு அகன்ற முக்கோணம்.

குறை? பார்வைவட்டத்தின் ஓரத்தில் நிறம் பிரிகிறது, விளக்கும் இல்லை. அப்புறம், லிம்னியா குடும்பத்தில் சில இனங்களை மேல் ஓடு ஒன்றை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது; இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்தான் சரி.