அம்மாவின் காதும் தஞ்சாவூரில் அலைந்த மூன்று வாரமும்

ஆறு மாதமாகவே வாட்ஸ்அப்பில் அம்மாவிடம் எதைக் கேட்டாலும் "ஆமாம்மா, சரிம்மா" என்றுதான் பதில் வரும். மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டாலும் அதுதான், அண்ணன் எங்கே என்று கேட்டாலும் அதுதான். டவர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தை மாதம் டொராண்டோவிலிருந்து கிளம்பி, சென்னையில் இறங்கி, உழவன் எக்ஸ்பிரஸில் விடிகாலை தஞ்சாவூர் வந்து சேர்ந்தேன். அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றிருந்த அம்மாவை மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுப் போனாள்.

"சாவி எங்கம்மா?" என்று கேட்டேன். "காபியா? இப்பத்தானடி குடிச்சே?" என்றாள்.

"எழுபத்தொண்ணு ஆச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றார் அண்ணன். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது. டிவி சத்தம் கூடியிருந்தது, பேசுகிறவர்களின் குரலும் கூடியிருந்தது, அம்மா பேசுவது குறைந்திருந்தது. எனக்குத்தான் ஒன்றரை வருட இடைவெளிக்குப் பிறகு அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அம்மாவே ஒரு வார்த்தை சொன்னாள், பிறகு ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனை அளக்கும் நிபுணர், அதைத்தான் முக்கியமான அறிகுறி என்றார்: "சத்தம் கேக்குதுடி, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல."

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள் பலரும் இதையே செய்யக்கூடும். 'இலவச காது பரிசோதனை' என்று போர்டு வைத்திருந்த ஒரு காது மிஷின் கடைக்கு நேராகக் கூட்டிக்கொண்டு போனேன். தெருவைப் பார்த்த அறை. வெளியே பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, அம்மாவின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி லேப்டாப்பில் பரிசோதனை செய்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. வலது காது ரொம்ப மோசம், இரண்டுக்கும் மிஷின் வேண்டும், ஜோடி 1,60,000 ரூபாய், இன்றைக்கே பணம் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். அட்டையை எடுக்கப் போன கை நின்றதற்குக் காரணம், அண்ணி கேட்ட ஒரு கேள்வி. "காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்கலையே?" பார்க்கவே இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

அன்று சாயங்காலமே மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் ஒரு இ.என்.டி. டாக்டரிடம் டோக்கன் கிடைத்தது. டொராண்டோவில் குடும்ப மருத்துவர் எழுதிக்கொடுத்து, நிபுணரைப் பார்க்க நான் ஒருமுறை நான்கு மாதம் காத்திருந்தேன். இங்கே நான்கு மணி நேரம்கூட இல்லை. ஆறு மணி டோக்கனுக்கு ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்கள், ஆனாலும் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். கட்டணம் 500 ரூபாய்.

டாக்டர் அம்மாவின் வலது காதுக்குள் பார்த்துவிட்டு என்னையும் திரையில் பார்க்கச் சொன்னார். செவிப்பறையே தெரியவில்லை. புளியங்கொட்டை நிறத்தில் குறும்பி இறுகி அடைத்திருந்தது. இடது காதில் வேறு கதை. ஈரப் பஞ்சு போல வெள்ளையாகவும் நடுவில் கருப்புக் கருப்புப் புள்ளியாகவும் படர்ந்திருந்தது. பூஞ்சை. "எண்ணெய் விட்டீங்களா?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வாரம் ஒருமுறை பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டிருக்கிறாள், அரிப்பு எடுத்தால் ஹேர்பின். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் எண்ணெயும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது என்றார் டாக்டர். குறும்பி தானாகவே வெளியே வரக்கூடியது. பட்ஸ் போடப் போடத்தான் அது உள்ளே தள்ளப்பட்டு இறுகுகிறது.

குறும்பியை எடுப்பதற்கு முன்பு அவர் செய்த ஒரு சோதனையை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வகுப்பில் பார்த்த அதே இசைக்கவை, 512 ஹெர்ட்ஸ். முழங்கையில் தட்டி, அதன் காம்பை அம்மாவின் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் வலது காதைத் தொட்டாள். எந்தக் காது மோசம் என்று சொன்னாளோ அதே காது! டாக்டர் விளக்கினார். அடைப்பினாலோ நடுக்காது நோயினாலோ கேட்கவில்லை என்றால், நெற்றியில் வைத்த சத்தம் கேட்காத காதுப் பக்கமே போகும். நரம்புப் பக்கம் கோளாறு என்றால் நல்ல காதுப் பக்கம் போகும். வீட்டில் வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பார்த்தாலும் ஏறக்குறைய இது தெரியும். முனகல் அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால் அடைப்பாக இருக்கலாம், மற்ற காதில் கேட்டால் அன்றைக்கே ஓட வேண்டும். இது டாக்டரைப் பார்ப்பதற்கு மாற்று ஆகாது, எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதைக் காட்டும் அடையாளம், அவ்வளவுதான்.

ஏன் ஓட வேண்டும் என்பதை அந்தக் காத்திருப்பு அறையிலேயே தெரிந்துகொண்டேன். என் பக்கத்தில் ஒரத்தநாடு பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒருநாள் காலையில் எழுந்தபோது இடது காது சுத்தமாகக் கேட்கவில்லையாம், கூடவே ஒரு இரைச்சல். அழுக்கு அடைத்திருக்கும் என்று மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி மூன்று வாரம் விட்டிருக்கிறார். வலி இல்லை, சீழ் இல்லை, அதனால் பயமும் வரவில்லை. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவர் யாரிடமும் பேசாமல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

பிறகு டாக்டரிடம் பொதுவாக இதைப் பற்றிக் கேட்டேன். மூன்று நாளுக்குள் திடீரென நரம்புச் செவித்திறன் இறங்கினால் அது அவசர சிகிச்சைக்குரிய விஷயம். ஸ்டீராய்டு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறார்களோ அவ்வளவுக்குப் பலன், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மாரடைப்பு என்றால் நள்ளிரவில் வண்டி பிடிக்கிற நாம், ஒரு காது ஒரே இரவில் போனால் பொங்கல் முடியட்டும் என்று இருந்துவிடுகிறோம். அந்த அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

அம்மாவுக்கு வருகிறேன். வலது காதுக் குறும்பியை அன்றே உறிஞ்சி எடுத்தார்கள். இடது காதைச் சுத்தம் செய்து பூஞ்சைக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தண்ணீர் படக்கூடாது, தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைக்க வேண்டும். பத்து நாள் கழித்துத்தான் செவித்திறனை அளக்க வேண்டும் என்றார். காது சுத்தமாகாமல் அளந்தால் அந்தக் கணக்கே தப்பு.

பத்து நாள் கழித்து ஒரு மருத்துவமனையின் ஆடியாலஜி பிரிவில் அளந்தார்கள். சுவரெல்லாம் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குக் கேட்கும். பரிசோதித்தது இருபத்தைந்து வயதுக்குள்ளான ஒரு பெண். அம்மாவை "பாட்டி" என்று கூப்பிட்டு, "சத்தம் கொசு மாதிரி சின்னதா கேட்டாக்கூட பட்டனை அமுக்கணும், கேக்கலன்னா சும்மா இருக்கணும், சரியா பாட்டி?" என்று இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். முதலில் ஹெட்ஃபோன் வழியாக. பிறகு காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஒரு சின்ன அதிர்வுப் பெட்டியை வைத்து. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கோளாறு வெளிக்காது, நடுக்காதுப் பக்கமா, உள்காதுப் பக்கமா என்று காட்டுகிறது. கடையில் இந்த இரண்டாவது சோதனையே கிடையாது. கடைசியாக அந்தப் பெண் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களைச் சொல்ல, அம்மா திருப்பிச் சொன்னாள். உதட்டைப் பார்க்க முடியாதபோது எத்தனை சொற்கள் தவறின என்று பார்த்து என் நெஞ்சு கனத்துப்போனது. நாங்கள் பேசியதில் பாதியை அம்மா எங்கள் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறாள். ஃபோனில் அதற்கும் வழியில்லை.

ஆடியோகிராம், அதாவது செவித்திறனை அளந்து போட்ட வரைபடம், அதைப் படிக்க எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும், கஷ்டமே இல்லை. இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது கட்டைக் குரலிலிருந்து கீச்சுக் குரல் வரை. மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது சத்தத்தின் அளவு. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. 25 டெசிபலுக்குள் நின்றால் இயல்பு என்பது பொதுவான கணக்கு. அம்மாவின் கோடு இடப்பக்கம் 30-இல் தொடங்கி வலப்பக்கம் 70-க்குச் சரிந்தது, இரண்டு காதிலும் ஒரே மாதிரி. வயதினால் வருவது இப்படித்தான் சரியுமாம். அதனால்தான் மாடு கத்துவது கேட்டது, அணில் கத்துவது கேட்கவில்லை. உயிரெழுத்துகளின் கனம் கட்டை ஒலிகளில் இருப்பதால் சத்தம் வந்து சேருகிறது. ச, க, த போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் கீச்சொலிகள் உதிர்ந்துவிடுகின்றன. சாவி காபியானது இப்படித்தான்.

கடையில் 'ரொம்ப மோசம்' என்ற வலது காதும் இடது காதும் இப்போது ஒரே அளவுதான். அன்றைக்கு வாங்கியிருந்தால் அடைத்த காதுக்கு ஏற்ற சத்தத்தை வைத்து மிஷினை மாட்டியிருப்பார்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். டாக்டர் எங்களோடு பேசியது மொத்தமே ஐந்து நிமிடம். விளக்கம் முழுவதும் அந்த ஆடியாலஜிஸ்ட் பெண்ணிடமிருந்துதான் கிடைத்தது. ஆடியோகிராமை ஃபைலில் வைத்துக்கொண்டு எங்களை அனுப்பப் பார்த்தார்கள். பிரதி வேண்டும் என்று நின்று கேட்டுத்தான் வாங்கினேன். அது நம்முடைய தாள். அடுத்த வருடம் அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் முடியாது.

அந்தப் பத்து நாளில் நானும் அண்ணனும்கூடப் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஜலதோஷத்தோடு விமானம் ஏறியதால் இடது காது அடைத்தபடியே இருந்தது. செவிப்பறையில் காற்றழுத்தம் கொடுத்து அளந்ததில், உள்ளே அழுத்தம் குறைந்திருப்பது தெரிந்தது. மூக்குக்கு மருந்து, ஒரு வாரத்தில் சரியானது. அண்ணன் இருபது வருடமாக ரைஸ் மில்லில் நிற்கிறார். ராத்திரி படுத்தால் காதில் 'ஙொய்ங்' என்று இரைச்சல் என்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். அவர் கோடு 4000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளம் விழுந்து மறுபடி மேலே ஏறுகிறது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் கையெழுத்து மாதிரி அந்தப் பள்ளம். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். போனது திரும்பாது, இனி போகாமல் காக்கலாம் என்றார்கள். மில் ஆட்கள் ஆறு பேருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மிஷின் எங்கே வாங்குவது என்று எனக்கும் அண்ணனுக்கும் விவாதம். கனடாவில் வாங்கி அனுப்பினால் தரமாக இருக்கும் என்றார் அவர். நான் மறுத்துவிட்டேன். மிஷின் கண்ணாடி மாதிரி ஒரு தடவை போட்டால் முடிகிற விஷயமில்லை. முதல் மூன்று மாதத்தில் நான்கைந்து முறை டியூனிங் செய்ய வேண்டும். அம்மா எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊரில்தான் வாங்க வேண்டும். இதே காரணத்தால், விலை குறைவு என்று ஊரில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறும் நம்மவர்களும் யோசிக்க வேண்டும். ஒண்டாரியோவில் இருப்பவர்களுக்கு மாகாண அரசின் உதவிக் கருவித் திட்டம் ஒரு காதுக்கு 500 டாலர் வரை தருகிறது, அதையும் கணக்கில் சேருங்கள். யாரிடம் வாங்கினாலும் பொருத்துகிறவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஐந்து நாள் போட்டுப் பார்க்கக் கொடுத்து, பிறகுதான் பணம் வாங்கினார்கள். ஜோடி 84,000 ரூபாய். முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு எடுத்து ஆடியோமெட்ரி, அதாவது இந்தச் செவித்திறன் அளவு, செய்யலாம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, செய்கிறார்கள். ஆறு வயதுக்குள் என்பதால் அங்கே ஒவ்வொரு மாதமும் கணக்கு.

கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் அம்மாவுக்கு பேட்டரி மாற்றப் பழக்கினேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 நம்பர். ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடக்கூடாது, ஒரு நிமிடம் காற்றுப் பட வேண்டும். அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாய்க்குள் அறுபது வரை எண்ணுவாள். அறுபது ஆனதும் நகத்தால் தள்ளி, சின்னக் கதவைச் சாத்துவாள். "செவிட்டு மிஷின்னு ஊர்ல சொல்லுவாங்களேடி" என்று முதல் நாள் கொண்டையை இறக்கிக் காதை மறைத்தவள், மூன்றாம் நாள் மறந்துபோய் ஏற்றிக் கட்டியிருந்தாள்.

டொராண்டோ வந்து இப்போது ஐந்து வாரம். அண்ணி இரண்டாவது டியூனிங்குக்குக் கூட்டிப்போய் வந்தார். பாத்திரம் விளக்குகிற சத்தம் தாங்கவில்லை என்று அம்மா சொன்னதால் அதை மட்டும் குறைத்துவிட்டிருக்கிறார்கள். நேற்று ஃபோனில் ஏதோ சொன்னேன். "ஆமாம்மா, சரிம்மா" வரவில்லை. "என்னடி சொன்னே? புரியல, திருப்பிச் சொல்லு" என்றாள். திருப்பிச் சொன்னேன்.