மனூஷ் ஜாஸ் கிட்டாருக்கு ஒரு சின்ன ஆம்ப்: ரோலண்ட் ஏசி-33 உடன் சில வருடங்கள்

அகூஸ்டிக் ஜாஸ் கிட்டாருக்கு எந்த ஆம்ப் (ஒலிபெருக்கி) வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். கூட டபுள் பேஸ் (நின்றபடி வாசிக்கும், அடித்தொனி தரும் பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்க ஆள் இருக்கிறாரா? ஆம்பைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ படிக்கட்டு ஏற வேண்டியிருக்குமா? என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஆமாம் என்பதுதான் பதில். நான் பாரிஸில் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வழி வந்த மனூஷ் ஜாஸ் வாசிக்கிறேன். சின்ன உணவகங்கள், பார்கள், கோடை வந்தால் கால்வாய்க் கரை. அதற்கென்று வாங்கிய ரோலண்ட் ஏசி-33 சில வருடங்களாக என்னோடு அலைகிறது.

இந்த இசை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால்தான் ஆம்ப் விஷயம் பிடிபடும். 1934-இல் ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் தொடங்கிய ஹாட் கிளப் குவின்டெட்டில் டிரம்ஸ் கிடையாது. ஒரு வயலின், மூன்று கிட்டார், ஒரு டபுள் பேஸ், அவ்வளவுதான். தாளத்தைச் சுமப்பது ரிதம் கிட்டார். 'லா பொம்ப்' எனப்படும் அந்த வாசிப்பில் இரண்டாவது, நான்காவது அடிகளில் கார்டை (பல ஸ்வரங்கள் சேர்ந்த ஒலியை) அடித்த கையோடு இடது கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அறுத்துவிட வேண்டும். 'சக்' என்று காய்ந்த சத்தம் விழ வேண்டும். இந்த இசைக்குப் பயன்படும் செல்மர் வகைக் கிட்டார்களின் குணமும் அதற்கு ஏற்றதுதான். அடித்தொனி கம்மி, நடுத்தொனி தூக்கல்.

ஏசி-33-இல் இருப்பவை 5 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. இவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் பேஸ் (அடித்தொனி) வராதே என்பது பலருடைய தயக்கம். என் அனுபவத்தில், குழுவில் வாசிப்பவருக்கு அது நல்லதாகவே அமைகிறது. கீழே இருக்கும் இடம் டபுள் பேஸ் வாசிப்பவருடையது. கிட்டாரும் அங்கே போய் உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்து குழம்பி, அந்த 'சக்' காணாமல் போய்விடும். நண்பரிடம் இரவல் வாங்கிய பெரிய ஆம்ப் ஒன்றில் இதைத் தெளிவாகக் கேட்டேன். தனியாக வாசித்தபோது பிரமாதம். குழுவோடு சேர்ந்ததும் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஏசி-33-இல் பேஸ் குமிழை இன்னும் குறைத்து, கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் வைக்கிறேன். மிடில் நடுவில். ட்ரெபிள் (மேல்தொனி) நடுவுக்குச் சற்றுக் கீழே.

ட்ரெபிளைக் குறைப்பதற்குக் காரணம், கிட்டாரின் ஒலியை மின்சிக்னலாக்கும் பிக்கப். என் கிட்டாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குள் பியெசோ (அதிர்வின் அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் வகை) இருக்கிறது. பியெசோவில் அழுத்தி அடித்தால் பிளாஸ்டிக் போல ஒரு கீச்சொலி வரும். அது ட்ரெபிள் பக்கம்தான் வெளியே தெரியும். இன்னொன்று, ப்ரீஆம்ப் (சிக்னலை முன்கூட்டியே வலுப்படுத்தும் சுற்று) இல்லாத பியெசோவைச் செருகினால் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) குறைந்தது 1 மெகாஓமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அடித்தொனி கரைந்து, ஒலி தகர டப்பா மாதிரி ஆகிவிடும். மிக்ஸரின் லைன் இன்புட்டில் கிட்டாரை நேராகச் செருகி, பிக்கப் சரியில்லை என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. காந்தப் பிக்கப் போடலாமே என்றால், இந்தக் கிட்டார்களுக்குப் போடுவது வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி சுற்றிய தந்திகள். செம்பு காந்தத்துக்கு அகப்படாது, உள்ளே இருக்கும் எஃகு மட்டும்தான் அகப்படும். அதனால் சுற்றில்லாத மேல் தந்திகள் இரண்டும் துள்ளும், மற்றவை பின்தங்கும். நிக்கல் தந்தி போட்ட ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த கிட்டார்) வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஃபீட்பேக் (ஆம்பின் ஒலி மறுபடி கிட்டாருக்குள் புகுந்து ஊளையிடுவது) பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன அறைகளில் வாசிப்பவர்களுக்கு இதுதான் உண்மையான எதிரி. சுவரை ஒட்டி மேசை போட்டிருக்கும் உணவகத்தில் நமக்குக் கிடைப்பது ஒரு மூலை. ஆம்ப் முதுகுக்குப் பின்னால், ஒரு முழம் தூரத்தில். என் கிட்டாரில் ஆறாவது தந்தியின் மூன்றாவது ஃப்ரெட், அதாவது 98 ஹெர்ட்ஸில் இருக்கும் ஜி, அங்கேதான் முதலில் பிடிக்கும். அடித்த ஸ்வரம் அடங்காமல் பெருத்துக்கொண்டே போகும், வயிற்றில் வைத்திருக்கும் கிட்டாரின் பின்பலகை அதிர்வது சட்டைக்குள் தெரியும். அந்த நேரத்தில் ஆன்டி-ஃபீட்பேக் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அதை நம்பி உட்காருவதில்லை. ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைப்பேன். தரையோடு சேர்ந்து ஊதிப்போகும் அடித்தொனி அங்கேயே பாதி குறைந்துவிடும். அப்புறம் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில், கிட்டாரின் முகத்தை ஆம்ப் பார்க்காதபடி. இந்த இரண்டையும் செய்தால் பட்டனுக்கு வேலையே வராத இரவுகள்தான் அதிகம்.

பேட்டரி என்று வந்தால், எட்டு ஏஏ செல்கள். கரன்ட்டில் 30 வாட், பேட்டரியில் 20 வாட். திறந்த வெளியில் வயலினோடு வாசிக்க 20 போதும், அக்கார்டியன் வந்து சேர்ந்தால் திணறும். ரீசார்ஜபிள் நிக்கல் செல்களைத்தான் போடுகிறேன். ஒரு மாலைப்பொழுது முழுக்கத் தாங்குகின்றன. இங்கே ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: எட்டும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒன்றாகவே பயன்படுத்த வேண்டும். பழைய செல் ஒன்று நடுவில் புகுந்தால் அதுதான் முதலில் விழும், மற்ற ஏழையும் கூடவே இழுக்கும். நான் மார்க்கரால் செட்டுக்கு ஒரு எழுத்து போட்டு வைத்திருக்கிறேன். சார்ஜ் தீரப் போவது முதலில் பலத்த கார்டுகளில்தான் தெரியும். மெல்ல வாசிக்கும்போது சுத்தமாக இருக்கும், பொம்ப் அழுத்தும்போது ஓரத்தில் கரகரப்பு வரும். அதைக் கேட்டதும் மாற்றிவிடுங்கள்.

இதில் இருக்கும் லூப்பரை (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் வசதி) மேடையில் தொட்டதில்லை, ஆனால் வீட்டுப் பயிற்சிக்கு அதுதான் உயிர். 40 விநாடி வரை பதியும். நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் பாருக்கு நான்கு அடி என்று 32 பார் கொண்ட கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று) ஒன்று 38 விநாடி சொச்சம். கச்சிதமாக உள்ளே அடங்கிவிடும். ரிதத்தைப் பதிந்துவிட்டு அதன் மேல் சோலோ பழகலாம். மெதுவான பாட்டுகளுக்கு இடம் போதாது, பாதிப் பாதியாகத்தான் பழக வேண்டும். ஃபுட்ஸ்விட்ச் தனியாக வாங்கிவிடுங்கள், இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும்போது பட்டனை அழுத்த முடியாது. ஆம்பில் இருக்கும் கோரஸ் எஃபெக்ட் (ஒலியைப் பலர் வாசிப்பதுபோல் தடிப்பாக்குவது) இந்த இசைக்கு வேண்டாம். ரிவெர்ப் (அறை எதிரொலி) ஒரு துளி போதும்.

தனியாக மெலடியும் பேஸும் சேர்த்து வாசிப்பவர் என்றால் என் பதில் மாறும். அவருக்குக் கீழ்த்தந்திகளின் உடம்பு வேண்டும்; 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஜெர்மன் தயாரிப்பான ஏஇஆர் காம்பாக்ட் 60 தான் சரி. 60 வாட், 6.5 கிலோ. மனூஷ் மேடைகளில் நிறையவே பார்க்கலாம். அதன் ஒலியில் இருக்கும் நேர்மை ஏசி-33-இல் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். விலை இரண்டு மடங்குக்கு மேல், பேட்டரியும் கிடையாது. உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி வேண்டுமென்றால் ஃபிஷ்மன் லௌட்பாக்ஸ் மினி சார்ஜ் இருக்கிறது, 60 வாட். எடை 9 கிலோவுக்கு மேல். காரில் போகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு. ஒரு தோளில் கிட்டார் பெட்டி, மறு கையில் ஆம்ப் என்று நடக்கிற எனக்கு ஏசி-33-இன் 4.7 கிலோவே எல்லை.

கடைக்குப் போனால் உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள், அங்கே தொங்குவதை எடுத்து வாசிக்க வேண்டாம். கேட்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப்போங்கள். சோலோ வாசித்துப் பார்க்க வேண்டாம், எந்த ஆம்பிலும் அது நன்றாகத்தான் கேட்கும். ஐந்து நிமிடம் விடாமல் ரிதம் வாசியுங்கள், அவர் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று கேட்கட்டும். அடுத்து அவர் வாசிக்க, நீங்கள் அந்த இடத்தில் போய் நின்று கேளுங்கள்.